ஓடு

பனகல் ரோட்டில், பெரியாஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில்
மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
இரவு பத்துக்கு மேல் ரத்தம் எண்ணாகிறது.
எண்ணைக் கோப்பாக்கி
விடிவதற்குள் உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும்
அனுப்பிவைப்பது என் வேலை.

பன்னிரண்டு வருஷம் ஒரே கறுப்புத் திரை, ஒரே ஷெல்.
தப்பாக அடித்தாலும் எண்டர் தட்டும்வரை வாய் திறக்காது.
தாலுகா ஆபீஸ் மாதிரி என்பான் டென்சிங்:
வரிசையில் நின்று கவுண்டருக்குப் போன பிறகுதான்
ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது என்று தெரியும்.

அதற்குப் பெயரின் நடுவே இடைவெளி ஆகாது.
ஒரு டிசம்பர் ராத்திரி, பட்டியலில் உள்ளதை
ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பு என்றேன்.
'பிச்சை அம்மாள் சர்க்கரை' வந்ததும் நின்றது.
பிச்சை என்று எதுவும் இல்லை என்றது.
அம்மாள் என்று எதுவும் இல்லை என்றது.
சர்க்கரை இல்லை என்றது.
கடைசியாகச் சொன்னது பெரிய பொய்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

மேற்கோள்குறி நான்தான் போட்டிருக்க வேண்டும்.
எப்போதும் நான்தான்.

போன செவ்வாய், கரண்ட் போய்
யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்த நேரம், மாற்றினேன்.
ஷெல் என்றால் ஓடு.
ஓடு என்றால் ஓடு.
"ஓடு மாத்தியாச்சா, மழைக்கு முன்னாடியே" என்றான் டென்சிங்.

புதுசு, நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே
தெரியாத சொல்லைச் சிவப்பாக்குகிறது.
சொல் சரியானதும் நீலம். அவ்வளவுதான். திட்டு கிடையாது.
விரல்கள்தான் ஒத்துவரவில்லை.
முந்தின கட்டளையைத் திரும்பக் கூப்பிட
இரண்டு ஆச்சரியக்குறி தட்டியே பழகினவை.
இதற்கு அந்த ஆச்சரியம் புரியாது.
மூன்று நாள் நான்தான் திட்டினேன்.
பழைய ஸ்கிரிப்ட் பதினாலையும் தொடவில்லை.
யாரிடம் போக வேண்டும் என்று
முதல் வரியிலேயே எழுதிவைத்திருக்கின்றன, போய்க்கொள்ளும்.

என் பழைய கட்டளைகளையும் கூடவே கொண்டுவந்திருந்தேன்,
பதினோராயிரம் வரி.
நான் தொடங்கினதும் மீதியை
சாம்பல் நிறத்தில் முன்னால் எழுதிக் காட்டும்.
சரியென்றால் வலது அம்பு.
இல்லையென்றால் அடித்துக்கொண்டே போகலாம்.

வெள்ளி ராத்திரி திருமங்கலத்து ரத்தினசாமியின்
கல்லீரல் அறிக்கையைத் தேடினேன்.
தேடலுக்கான சொல், ஒரு இடைவெளி, பிறகு ர.
சாம்பலில் வந்தது:
ரமீஜா, திசு, முடிவு.

என் பெயர்.

மூணு வருஷத்துக்கு முந்தைய ஜூனில்
பதினேழு ராத்திரி, ராத்திரிக்கு நாற்பது தடவை
இந்த ஃபோல்டர்களுக்குள் என்னைத் தேடியிருக்கிறேன்,
பக்கத்து நாற்காலிக்குத் தெரியாமல்
திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு.
முடிவு வந்தது. ஒன்றுமில்லை என்று வந்தது.
பிரியாணி வாங்கிக்கொடுத்தேன் எல்லாருக்கும்,
எதற்கென்று சொல்லவில்லை.
பிறகு மறந்தும் போனேன்,
என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒரு வரியை நீக்கவும் கட்டளை உண்டு.
கையேட்டில் படித்திருக்கிறேன்.
விரல் வலது அம்பின் மேல் இருந்தது.
தட்டினால் அந்தக் கோப்பு வரும், அதே ஒன்றுமில்லை வரும்,
தெரியும்.
இருந்தும் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை.
மாடிப்படியில் யாரோ ஏறும் சத்தம்.
த் அடித்தேன்.
சாம்பல் போய்விட்டது. ரத்தினசாமி கிடைத்தார்.

நீக்கவில்லை. ஏன் என்று கேட்டால்
டென்சிங்கிடம் ஒரு பதில், என்னிடம் ஒரு பதில்.

ஐந்து மணிக்கு கோரிப்பாளையத்தில் பாங்கு.
கீழே பருத்திப்பால் வண்டி வந்து நின்றாயிற்று.
பட்டியலில் கடைசி, மறுபரிசோதனை:
பிச்சை அம்மாள் சர்க்கரை.
மேற்கோள்குறி எதுவும் போடவில்லை.
ஒரே ஆளாக மேலூர் போய்ச் சேர்ந்தாள்,
இருநூற்று நாற்பதோடு.

இன்னும் குறையணும் என்றேன் திரையைப் பார்த்து.